சிசிலியும் நானும் இரண்டு கேள்வித்தாள்களும்

போன வாரம் ஒரு டாக்டர் போன் செய்தார். இளம் டாக்டர். பெயர் கார்த்திகா. குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"சார், நம்ம ஸ்டடி முடிஞ்சிருச்சு. ரெண்டு கேள்வித்தாளும் அருமையா ஒத்துப் போயிருச்சு. எங்க புரொஃபசர் ரொம்பப் பாராட்டினார்."

"சந்தோஷம் டாக்டர்" என்றேன்.

"ஒரே ஒரு விஷயம் சார்..." கொஞ்சம் தயங்கினார். "உங்க பேப்பரை மட்டும் எடுத்துட்டோம். மத்ததோட அது சேரலை. தப்பா நெனச்சுக்காதீங்க."

நான் ஏன் தப்பாக நினைக்கப் போகிறேன்? எனக்குத் தெரிந்து அந்தப் பேப்பர் கட்டுக்குள் நோயின் கஷ்டத்தை உண்மையாகச் சொன்ன ஒரே பேப்பர் அதுதான். உண்மையைத் தூக்கி வெளியே வைத்ததும் மீதியெல்லாம் அழகாக ஒத்துப் போய்விட்டது. குடும்பம், அலுவலகம், அரசியல் என்று எல்லா இடத்திலும் நடப்பதுதானே?

என்ன ஸ்டடி, எதற்குக் கேள்வித்தாள், அதில் நான் எங்கே வந்தேன் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

எனக்கு டி.பி. இருந்தது.

இந்தப் பத்தியோடு வரும் என் போட்டோவில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறதே என்று உங்களில் சிலர் எழுதிக் கேட்டீர்கள். 'டயட்' என்று பதில் போட்டேன். பொய். இரண்டு மாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், தொளதொளவென்று பேண்ட். சளியைப் பரிசோதித்துவிட்டு, "ஆறு மாசம் மாத்திரை. ஒரு தடவை கூட விடாம சாப்பிட்டா சரியாப் போகும்" என்று முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு அது சாதாரணம். எனக்கு?

நான் எழுத்தாளன் மட்டுமல்ல, இன்சூரன்ஸ் ஏஜெண்ட்டும் கூட என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இருபது வருடமாக ஊராரின் வரவேற்பறையில் உட்கார்ந்து ஃபாரம் நிரப்புகிறவன். 'உங்களுக்குக் காசநோய் இருந்ததுண்டா?' என்று ஒரு கேள்வி வரும். ஆள் பதில் சொல்வதற்கு முன்பே என் பேனா 'இல்லை'யில் டிக் போட்டுவிடும். இப்போது அந்தக் கட்டத்துக்குள் நானே போய் விழுந்துவிட்டேன். ஏஜெண்ட்டுக்கே டி.பி. என்று தெரிந்தால் யார் வீட்டுக்குள் விடுவார்கள்?

எனவே நாகர்கோவிலில் மாத்திரை எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். மைத்துனன் வீட்டு முகவரியைக் கொடுத்து, அஞ்சுகிராமம் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்துக்கு மாற்றிக்கொண்டேன். திங்கள், புதன், வெள்ளி. பஸ்ஸில் போய், சிஸ்டர் முன்னால் நின்று, ஒரு கை மாத்திரையை விழுங்கிவிட்டு வர வேண்டும். அங்கே ஆளுக்கொரு அட்டைப்பெட்டி வைத்திருப்பார்கள். மேலே பெயர் எழுதியிருக்கும். ஆறு மாத மாத்திரையும் அதற்குள்.

முதல் திங்கட்கிழமை. பெஞ்சில் ஒரு அம்மாள், சேலை முந்தானையால் மூக்கு வரை மூடி உட்கார்ந்திருந்தார். நான் ஓரமாக உட்கார்ந்து பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். விரித்த பிறகுதான் கவனித்தேன்... வெளிப்பக்கத்தில் என் பத்தி. என் போட்டோ. முகத்தை மறைக்க முகத்தையே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த அம்மாள் போட்டோவைப் பார்த்தார். பத்திரிகைக்கு மேலே தெரிந்த என் வழுக்கையைப் பார்த்தார். முந்தானை நழுவியது.

சிசிலி.

முட்டத்துக்காரி. பத்து வருடத்துக்கு மேலாக எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். என் மனைவி சரோஜாவுக்கு எந்த மீன் எந்தக் குழம்புக்கு என்று பாடம் எடுப்பவள். எந்த வாசலில் நின்றாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும் குரல். அந்த சிசிலி இப்போது என்னைப் பார்த்து வாயைத் திறக்கவில்லை. நானும்தான். சிஸ்டர் பெயர் கூப்பிட்டார். அவள் போய் விழுங்கினாள். பிறகு நான் போய் விழுங்கினேன். ஒரே பஸ்ஸில் ஏறாமலிருக்க நான் ஒரு பஸ்ஸை விட்டேன். பிறகு தெரிந்தது, அவளும் அதே எண்ணத்தில் ஒரு பஸ்ஸை விட்டிருக்கிறாள். இருவரும் அடுத்த பஸ்ஸில்தான் வந்தோம். அவள் முன்னால். நான் கடைசி சீட்டில்.

மறுநாள் செவ்வாய். வழக்கம்போல எங்கள் வாசலில் சிசிலி. மதியம் தட்டில் சாளை மீன் குழம்பு.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு கேவலமான உண்மையைச் சொல்ல வேண்டும். என்னால் சாப்பிட முடியவில்லை.

மீன் வழியாக டி.பி. பரவாது. சிஸ்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களில் அடுத்தவருக்கு ஒட்டாது என்றும் சொல்லியிருக்கிறார். எல்லாம் தெரியும். அதே கிருமியை என் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, அவள் தொட்ட மீனைத் தள்ளி வைக்கிறேன். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நல்ல பெயராக இருக்காது.

"மாத்திரை சாப்பிடும்போது மீன் ஒத்துக்கலை சரோஜா. கொஞ்ச நாள் வேண்டாம்" என்றேன்.

சரோஜா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி" என்றாள். வாங்குவதை நிறுத்தினாள்.

எங்கள் தெருவில் மீன் விஷயத்தில் சரோஜாதான் நீதிபதி. அவள் வாங்கினால் எதிர் வீடு வாங்கும். எதிர் வீடு வாங்கினால் மாடி வீடு வாங்கும். அவள் நிறுத்தினால்..? இரண்டாவது வாரம் எதிர் வீட்டில் 'இன்னைக்கு வேண்டாம்' என்றார்கள். மூன்றாவது வாரம் சிசிலி எங்கள் தெருவில் கூவிக்கொண்டே நடந்து, கூவிக்கொண்டே வெளியே போனாள். ஒரு வாசலிலும் கூடையை இறக்கவில்லை.

அந்த மூன்றாவது வாரம்தான் டாக்டர் கார்த்திகா வந்தார்.

கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண். மேல்படிப்புக்காக ஆராய்ச்சி. தொற்றுநோய் வந்தவர்களின் உடல்நலம் எப்படி இருக்கிறது என்று அளப்பதற்கு உலகத்தில் நிறைய கேள்வித்தாள்கள் இருக்கிறதாம். அதில் இரண்டை எடுத்து, ஒரே நோயாளியிடம் ஒரே நாளில் இரண்டையும் கேட்டு, எது நன்றாக அளக்கிறது என்று ஒப்பிட வேண்டும். முதலில் ஒரு தடவை. ஆறு மாதம் முடிந்ததும் இன்னொரு தடவை. தங்கமான பெண். எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். பெயர் வெளியே வராது என்று உறுதி சொல்லிக் கையெழுத்து வாங்கினார். பிறகு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்.

கரண்ட் இல்லை. வெளிச்சத்துக்காகக் கதவு அகலத் திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் நாங்கள் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு.

முதலில் சிசிலி.

நீளமான தாள் மூன்று பக்கம். மொழிபெயர்த்தவர் ஆங்கிலத்தோடு ஏதோ முன்பகை உள்ளவர் போலிருக்கிறது. "வார இறுதியில் மிதமான விளையாட்டுகளில் ஈடுபடுவதை உங்கள் உடல்நலம் எவ்வளவு மட்டுப்படுத்துகிறது?" என்று டாக்டர் வாசித்தார்.

சிசிலி யோசித்தாள். "ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவேன் பிள்ள. அதச் சேக்கலாமா?"

"நடந்து போவீங்களா?"

"நடந்துதான்."

"அப்ப சிரமம் இல்லைன்னு போட்டுக்கறேன்."

அடுத்து: "ஒரு தெருவளவு தூரம் நடப்பதில் சிரமம் உண்டா?"

"எந்தத் தெரு?"

டாக்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார். எந்தத் தெரு என்று அதில் இல்லை. "பொதுவா ஒரு தெரு."

"பொதுவா ஒண்ணும் இல்ல" என்றாள் சிசிலி.

இப்படியே போனது. சோர்வு? இல்ல. தூக்கம்? கொள்ளாம், அதாவது நன்றாகத்தான் இருக்கிறது. கடந்த நான்கு வாரங்களில் மனம் கலங்கியதுண்டா? எதுக்குக் கலங்கணும்? எங்கள் பக்கத்தில் 'சொகந்தானா?' என்று யார் கேட்டாலும் 'சொகம்தான்' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவோம். அதை மூன்று பக்கத்துக்கு நீட்டிக் கேட்டாலும் பதில் அதேதான்.

இரண்டாவது தாள் அரைப் பக்கம். ஐந்தே கேள்வி. கூடவே ஒரு தெர்மாமீட்டர் படம். கீழே பூஜ்யம், மேலே நூறு. இன்றைக்கு உங்கள் உடல்நலம் எவ்வளவு என்று கோடு போட வேண்டும். நூறு என்றால் மிக நல்ல உடல்நலம்.

"நூறுன்னா காய்ச்சல்லா பிள்ள?" என்றாள் சிசிலி.

நியாயமான கேள்வி. இந்த ஊரில் பிறந்த எவருக்காவது தெர்மாமீட்டரில் நூறைப் பார்த்தால் ஆரோக்கியம் ஞாபகம் வருமா? டாக்டர் பொறுமையாக மறுபடி விளக்கினார். சிசிலி கேட்டுவிட்டுச் சொன்னாள். "அப்ப தொண்ணூத்தெட்டு போடுங்க. அதான நார்மலு?"

டாக்டர் முகம் மலர்ந்தது. நீளத் தாளிலும் நல்ல மதிப்பெண். குட்டித் தாளிலும் நல்ல மதிப்பெண்.

அடுத்து நான். படித்தவன், எழுத்தாளன், ஃபாரத்தோடு வாழ்கிறவன். எனக்கு அந்தக் கேள்விகள் நன்றாகவே புரிந்தன. அதனால் இன்னும் சுலபமாகப் பொய் சொன்னேன்.

"கடந்த நான்கு வாரங்களில் குடும்பத்தினர், நண்பர்கள், அக்கம்பக்கத்தாருடன் பழகுவதில் உங்கள் நோய் எந்த அளவு குறுக்கிட்டது?"

திறந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்து சிசிலி நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சமும் இல்லை" என்றேன்.

அன்றைக்கு பஸ் நிறுத்தத்தில் அவள் ஒளியவில்லை. நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"சாரே, நான் ஒங்கள யாருட்டயும் சொல்லல்ல."

"தெரியும் சிசிலி."

"எனக்க மருமவட்ட கூட சொல்லல்ல. நீங்க வீட்டுல சொல்லி எனக்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியளே."

"நான் சொல்லலை. சத்தியமா சொல்லலை."

"பின்ன என்னத்துக்கு அக்கா மீனு வாங்கல்ல?"

'நீ தொட்ட மீனை என்னால் சாப்பிட முடியவில்லை' என்று ஒரு டி.பி.காரன் இன்னொரு டி.பி.காரியிடம் எப்படிச் சொல்வான்? நான் தரையைப் பார்த்தேன். அவள் புரிந்துகொண்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. நிறுத்தத்துத் திண்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பிள்ள கேட்டுதே, ஒரு தெரு நடக்க முடியுமான்னு. ஒங்க தெரு மொனையில இருந்து ஒங்க வீடு வரைக்கும் மூணு எடத்துல கூடைய எறக்கி வைக்கேன் சாரே. மூச்சு கிட்டாது. வெறுதே நின்னா ஆளுவ என்னன்னு கேப்பினும். அதுக்காவ, மீன நேராக்குத மாதிரி மேல கெடக்கதக் கீழயும் கீழ கெடக்கத மேலயும் மாத்தி மாத்தி வைப்பேன்."

நான் அதைப் பார்த்திருக்கிறேன். மீனை அழகாக அடுக்குகிறாள் என்று சரோஜாவிடம் சொல்லியிருக்கிறேன்.

"பேரப்பிள்ளைக்கு ரெண்டு வயசு. எடுக்கச் சொல்லி கைய நீட்டும். இடுப்பு வலின்னு சொல்லிட்டு அடுக்களைக்குள்ள போயிருவேன். மாத்திரை தின்னு கழிஞ்சா வாந்தி வாற மாதிரி ஒக்கானம் வரும். மீனு நாத்தம் பிடிக்கல்லன்னு சொல்ல முடியுமா, மீன் விக்கவ?" கொஞ்சம் நிறுத்தினாள். "மாத்திரைக்கு வாற நாளுல நான் சின்னமுட்டம் துறைமொகத்துக்கு மீன் எடுக்கப் போறேன்னு மருமவ நெனச்சிட்டு இருக்கா."

"இதையெல்லாம் அந்த டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே சிசிலி."

அவள் சிரித்தாள். முதல் தடவையாக. "நீங்க சொன்னியளா?"

அத்தோடு என் ஆராய்ச்சி முடிந்தது.

வீட்டுக்கு வந்தேன். சிசிலியின் ரகசியத்தைச் சொல்லாமல் மீன் வாங்க வைக்க வேண்டும். பஸ்ஸிலேயே ஒரு வசனம் தயார் செய்திருந்தேன்.

"சரோஜா, டாக்டர் சொன்னார். மீன் நல்ல சத்தாம். சாப்பிடலாமாம்."

சரோஜா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "சிசிலிய அங்க பாத்தியளா?"

என் முகமே பதில் சொல்லியிருக்கும். இருபத்தைந்து வருடமாக அதைப் படிக்கிறவள்.

"நித்தம் வந்தவ, நீங்க மாத்திரை தொடங்குததுக்கு முந்தின வாரமே திடீர்னு திங்கள், புதன், வெள்ளி வரல்ல. ஒங்களுக்கும் திங்கள், புதன், வெள்ளி மாத்திரை. அவளுக்கும் இருமல். இதுக்கு என்ன பெரிய படிப்பு வேணும்?"

"தெரிஞ்சுதான் முதல் வாரம் வாங்கினியா?"

"பின்ன? ஒங்களுக்கு மூணு நேரமும் சோறு போட்டுட்டுதான இருக்கேன். அவகிட்ட மீன் வாங்கினா மட்டும் கொறஞ்சா போயிருவேன்?" கீரைத் தண்டை முறித்தாள். "வேண்டாம்னு சொன்னது நீங்க. சீக்காளி சொல்லுதாரேன்னு விட்டேன். ஏன் சொன்னியன்னும் தெரியும்."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு கேள்வித்தாளும் சேர்ந்து கண்டுபிடிக்காததை இவள் கிழமையை எண்ணியே கண்டுபிடித்திருக்கிறாள். எனக்குத்தான் முகத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை சரோஜா கேட்டைத் திறந்து தெருவுக்கே போய் நின்றாள். "ஏ சிசிலி, இங்க எறக்கு. சாளை இருக்கா? எங்க வீட்டுல சாருக்கு மீன் இல்லாம சோறு எறங்க மாட்டேங்கு" என்று எதிர் வீட்டு மாடிக்குக் கேட்கும்படி சொன்னாள். கூடையைத் தானே ஒரு கை பிடித்து இறக்கினாள். சிசிலி நிமிர்ந்து சரோஜாவைப் பார்த்தாள். பிறகு ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தாள். இரண்டு மீன் கூடுதலாகப் போட்டாள். அன்று மதியம் நான் சாப்பிட்டேன். முள்ளைத் தவிர எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் எதிர் வீடும் வாங்கியது. மாடி வீடும்.

ஆறு மாதம் ஓடியது. இருவருக்கும் சளியில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. டாக்டர் கார்த்திகா மறுபடி வந்தார், அதே இரண்டு தாள்களோடு. இந்தத் தடவை நான் முதலில் போனேன். கரண்ட் இருந்தது. ஆனாலும் கதவு திறந்துதான் இருந்தது. இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன்.

"டாக்டர், போன தடவை நான் சொன்னது அத்தனையும் பொய். அதை அடிச்சிருங்க."

அவர் பேனா அப்படியே நின்றது. "சார், அதை மாத்த முடியாது. அது ஆரம்ப அளவு."

"அப்ப இன்னைக்காவது உண்மை சொல்றேன். அக்கம்பக்கத்தாரோட பழகறதுல குறுக்கிட்டதா? மிக அதிகமாக. மனசு கலங்கியதா? எப்போதும். நாலு வாரமா இல்லை, எட்டு மாசமா ஒரு கல்யாண வீட்டுக்குப் போகலை. வீட்டுக்கு வெளியே ஒரு ஆள்கிட்ட உண்மை பேசலை."

"ஆனா சார், உங்களுக்குக் குணமாயிருச்சே."

"நுரையீரலுக்குக் குணமாயிருச்சு டாக்டர்."

பாவம், அவர் கணக்கைப் பாருங்கள். நோய் முற்றியிருந்தபோது நான் பூரண நலம். ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமான பிறகு நான் படுமோசம். இந்த ஆளை எந்தப் படத்தில் எங்கே வைப்பது? இரண்டு தாளும் என் விஷயத்தில் இரண்டு திசையில் நின்றன. குட்டித் தாளில் அக்கம்பக்கத்தைப் பற்றிக் கேள்வியே கிடையாது. நடக்கிறாயா, குளிக்கிறாயா, வலிக்கிறதா என்பதோடு ஏறக்குறைய சரி. அதன்படி நான் நலம். நீளத் தாளின்படி இல்லை.

சிசிலி என்ன சொன்னாள்? அதே பதில்கள். சோர்வு இல்ல. நடக்கச் சிரமம் இல்ல. தூக்கம் கொள்ளாம். தெர்மாமீட்டர் தொண்ணூத்தெட்டு. இந்தத் தடவை அத்தனையும் உண்மை. பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் முட்டத்தில் பஸ் நிறுத்தம் வரை வந்ததாக என்னிடம் சொன்னாள். மருமகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். மருமகள் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, ஏன் முன்னமே சொல்லவில்லை என்று சண்டை போட்டிருக்கிறாள்.

ஆனால் பேப்பர் என்ன சொல்கிறது தெரியுமா? முதலிலும் நலம், முடிவிலும் நலம். அதாவது டி.பி. சிசிலியை ஒன்றும் செய்யவில்லை. மருந்தும் ஒன்றும் செய்யவில்லை. கூடையை இறக்கி இறக்கி வைத்த அந்த மூன்று இடங்கள் உலகத்தின் எந்தக் கணக்கிலும் இல்லை. அந்த ஆராய்ச்சியில் இருப்பது இப்படிப்பட்ட சிசிலிகள்தான். அவர்கள் பேப்பர்கள்தான் ஒன்றோடொன்று அருமையாக ஒத்துப் போயிருக்கின்றன. நான்தான் கெடுக்க வந்தவன்.

டாக்டர் கார்த்திகா மீது எனக்குக் கோபம் இல்லை. கேட்கக் கொடுத்ததைக் கேட்டார். நாங்கள் சொல்லக்கூடியதைச் சொன்னோம்.

இதை எழுதலாமா என்று சிசிலியிடம் கேட்டேன். வாசலில் உட்கார்ந்து முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "எழுதுங்க. ஊரு மட்டும் மாத்தாண்டாம், பேர மாத்துங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

சரி, வெளியே சொல்லத் துணிந்தாயே, என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? இதை எழுதுவதற்கு முன் ஒத்திகை போல என் பழைய வாடிக்கையாளர்கள் மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். ஒருவர் காபி வருகிறது என்றார், காபி வரவில்லை. மூன்றாமவர் குளச்சலில் கடை வைத்திருப்பவர். திடகாத்திரமான ஆள். எந்த ஃபாரத்திலும் எதற்கும் 'இல்லை' என்றே சொல்லி வந்தவர். நான் சொன்னதும் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சாரே... எனக்கும் ரெண்டு மாசமா இருமல் உண்டு. ராத்திரி வேர்க்குது. எந்த ஊருக்குப் போய்க் காட்டினா நம்ம ஆளுவ யாரும் பாக்க மாட்டினும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போங்கள். உங்கள் தெரு ஆள் ஒருவர் உங்களுக்கு முன்பே அங்கே வந்து, முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.